ஏரியில ஓடுன கடல் படகு

எமர்சென்சி முடிஞ்ச வருசம். தச்சு வேலை செய்யற எங்கூட்டுக்காரரு கடலையே பாத்ததில்லீங்க. ஆனா ரெண்டு பனைமரத்தக் கொடஞ்சு ஒண்ணாச் சேத்து, ஒத்தாளு கடல்ல மீன் புடிக்கறதுக்கு ஒரு படகு செஞ்சுபோட்டாரு. படகு கேட்டது, கேரளாக் கடக்கரைப் பொன்னானியிலிருந்து கருவாடு கொண்டார ஏவாரி. அந்தக் கருவாடு சுட்டா மூணு ஊடு தள்ளி மணக்குமுங்க!

ஏவாரி வந்து பாத்துட்டு ஒதட்டப் பிதுக்குனாரு. "உங்கூரு ஏரில எதுவும் மெதக்கும். கடல்ல அலையடிச்சாக் கவுந்துருமே?"

கோடை முழுக்கக் கொடஞ்ச மனுசன் மொகம் சுருங்கிப்போச்சு.

"நான் ஏறிப் பாக்கறேனுங்க"ன்னேன்.

"உனக்கு நீச்சல் தெரியாதே புள்ள?"ன்னாரு எங்கூட்டுக்காரரு.

"தண்ணி இடுப்பளவுதானுங்களே!"

புது வண்டி எடுக்கற மாதிரியே எலுமிச்சம்பழம் நசுக்கி, படகுல மாடு பூட்டி ஏரிக்கு இழுத்துட்டுப் போனோம். கரையில நான் ஏறி உக்காந்தேன். மாட்ட அவுக்கோணும்னு ஒருத்தருக்கும் நெனப்பில்ல! எங்க மாடுகளுக்குத் தண்ணியக் கண்டாக் குசி தாங்காது. குளிக்கப் போறோம்னு உள்ள பாஞ்சுதுக பாருங்க, அலை எந்திரிச்சு என் மூஞ்சில அடிச்சுது. படகு இந்தப் பக்கம் சாயுது, அந்தப் பக்கம் சாயுது, கவுறவே இல்ல. பயத்துல கத்துனனா சிரிப்புல கத்துனனான்னு எனக்கே தெரியல.

"போதும், மாட்ட நிறுத்துங்க! படகு எனக்குத்தான்!"னு கரையில ஏவாரி குதிச்சாரு.

மாட்டப் புடிக்க ஓடியாந்து தொப்பலா நனைஞ்ச எங்கூட்டுக்காரரு ஏவாரியக் கேட்டாரு: "அலை பத்துமுங்களா, இன்னொருக்கா ஓட்டட்டுமா?"

"ஓட்டுங்க, ஓட்டுங்க!"ன்னு நான் படகவுட்டு எறங்கவே இல்லீங்க.