மூத்தவளின் கற்றாழை

ஒரு கற்றாழைச் செடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் பினாங்கிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அது என் வீட்டுக்காரரின் முதல் மனைவி வைத்த செடி. அவள் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் கழித்து, அவருக்கு இரண்டாம் தாரமாக நான் கப்பலேறி வந்தேன். துறைமுகத்துக் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி உத்தியோகம் அவருக்கு. கடைவீட்டு மாடியில் ஒரே அறை. அதில் இருந்த ஒரே ஜன்னலையும் அந்தத் தொட்டி பிடித்துக்கொண்டிருந்தது.

வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றிக்கொண்டே பேச்சு ஆரம்பமாகும். அவள் ரசம் வைத்தால் தெருமுனை வரை மணக்குமாம். பாசாரில் மீன்காரனிடம் மலாயில் பேரம் பேசுவாளாம். எனக்கோ மலாயில் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடத் தெரியாது. மகராசி, செத்தும் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை.

நான் வந்த மழைக்காலத்தில் செடி வாட ஆரம்பித்தது. மடல்கள் மஞ்சளாகி, அடிப்பக்கம் கொழகொழவென்று தொங்கின. "தண்ணி பத்தல போல," என்று அவர் இன்னொரு செம்பு ஊற்றினார். தண்ணீர்தான் அதைக் கொல்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் திருஷ்டிக்குக் கற்றாழையைப் பிடுங்கி வாசலில் தலைகீழாகக் கட்டுவோம்; மண்ணும் தண்ணீரும் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அழுகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கஞ்சி வடிக்கும்போது பானை வழுக்கி, கொதிகஞ்சி என் கையில் கொட்டிவிட்டது. அலறல் கேட்டு அவர் ஓடி வந்தார். செடியில் நல்ல மடல் இரண்டே இரண்டுதான் மிச்சம். யோசிக்கவே இல்லை, ஒன்றை ஒடித்துப் பிளந்து என் கையில் தடவினார். அவள் செடியை எனக்காக ஒடித்தாரே என்று அழுகை வந்தது. வலியில் அழுகிறேன் என்று நினைத்து அவர் ஊதிக்கொண்டே இருந்தார்.

கை ஆறியதும் செடியைப் பிடுங்கினேன். வேர் முக்கால்வாசி அழுகி நாறியது. நல்ல பாகம் தெரியும்வரை அரிவாள்மணையில் அறுத்துப் போட்டு, வெட்டுவாய் காயட்டும் என்று ஒரு வாரம் நிழலில் கிடத்தினேன். பிறகு மண்ணெண்ணெய் டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மணலும் செங்கல் தூளும் கலந்து நட்டேன். "இனிமே நீங்க இதுல ஒரு சொட்டுகூட ஊத்தக் கூடாது," என்றேன். அவர் திருதிருவென்று விழித்தார். மூன்று மாதத்தில் மடல் நிமிர்ந்தது. அடுத்த மழைக்குள் அடியில் நாலு குட்டி.

கீழ்வீட்டு முஸ்லிம் அம்மாளை ராத்தா என்று கூப்பிடுவேன். ஒரு குட்டி கேட்டு மாடிக்கு வந்தவர் வாயைப் பிளந்தார். "என்னம்மா, இப்படித் தளதளன்னு நிக்குது!"

நான் வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார்: "அவ கைராசி அப்படி, ராத்தா. அவ செத்தும் செடி வாடல பாருங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "அவங்க வச்ச வேரு அழுகி நாறிப்போச்சு. நான்தான் அறுத்துப் போட்டேன். இப்ப இருக்கிறது நான் புடிக்க வச்ச வேரு!"

ராத்தா குட்டியை எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் அவள் பேச்சையே எடுக்கவில்லை. நான் வேண்டிக் கிடந்ததும் அதைத்தான். ஆனால் வேறு பேச்சும் வரவில்லை. சாப்பிட்டார், கை கழுவினார், பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். இத்தனை நாள் என்னோடு பேசியதெல்லாம் அவளைப் பற்றி மட்டும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. பத்து நாள் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. சோறு போட்டுக்கொண்டே நானே கேட்டேன்:

"ஏங்க, அக்காவ மொதமொதல்ல எங்க பாத்தீங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எச்சில் கை காயக் காயப் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இன்னொரு கரண்டி சோறு வைத்து, "அப்புறம்?" என்றேன்.