என் காலைப் பற்றிய பேச்சு

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், என் வலது காலைப் பற்றி என்னைத் தவிர எல்லாரும் பேசினார்கள். முழங்கால் எலும்பில் கட்டி. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் மருந்து ஏற்றியும் அது அடங்கவில்லை. முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு, தள்ளிப்போட்டால் நுரையீரலுக்குப் பரவிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா உப்பளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு, மரக்காணத்தில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் யோசனை கேட்டார். எல்லாரிடமும் யோசனை இருந்தது. வானூர் அத்தையிடம் நிறையவே இருந்தது. எண்ணெய்க் கட்டுப் போட்டால் கரைந்துவிடும் என்றார். “பொட்டப் புள்ள கால எடுத்துட்டா நாளைக்கு எவன் கட்டிப்பான்?” என்றும் கேட்டார். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படித் திண்டாடும் குடும்பங்களோடு பேசுவதற்கென்றே ஆஸ்பத்திரியில் ஒரு அக்கா இருந்தார். அவர் ஒரு முடிவைச் சொல்லிவிடுவார் என்று நம்பிப் போனோம். அவரோ எங்களை உட்காரவைத்து, யாருக்கு என்ன பயம் என்று கேட்டார். எண்ணெய்க்கு இந்தக் கட்டி கரையாது என்பதை அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

“பெரியவளாயி, ஏம்மா என் கால எடுக்க உட்டேன்னு கேட்டா, நான் இன்னா சொல்லுவேன்?” என்றார் அம்மா.

அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்: “கேக்கட்டுமே. கேக்கறதுக்கு அவ இருக்கட்டும்.”

அக்கா என்னிடம் குனிந்தார். “முடிவு அம்மா அப்பாவோடதும்மா. உன் மனசுல இருக்கறத மட்டும் சொல்லு.”

“வலி போயிடுமா?”

“ஆப்பரேஷன் பண்ணி கொஞ்ச நாள் வலிக்கும். மருந்து குடுப்பாங்க. இப்ப இருக்குற இந்த வலி போயிடும்.”

“அப்ப எடுத்துடச் சொல்லுங்க” என்றேன். அத்தை ஓவென்று அழுதார்.

ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் கண் விழித்தபோது அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போர்வையைப் பார்த்தேன். ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

“ஏம்மா…” என்றேன். அம்மா கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, இட்லி வாங்கலியா?”

அம்மா வராந்தாவுக்கு ஓடி அப்பாவிடம் அதைச் சொன்னார். அப்பா சுவரில் சாய்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இட்லி கேட்டதற்கு இவ்வளவு பெரிய மனிதர் எதற்காக அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.