எழும்பாத முள்

எங்கள் பெரியம்மா பெற்றது மூன்று. மூத்தவள் தபால்காரருக்கு வாக்கப்பட்டுப் போனாள். கடைசிப் பையன் அச்சாபீசில் சேர்ந்து, வாயைத் திறக்காமலே காலத்தை ஓட்டிவிட்டான். அவனுக்கும் சேர்த்துப் பேசியவர் நடுவில் பிறந்த இந்த அண்ணன். ஊர் அவருக்கு ஜில்லு என்று பெயர் வைத்தது. அது கேலி என்று அவருக்கு உறைக்கவே இல்லை. ஏதோ பட்டம் கட்டியதாக நினைத்துக்கொண்டார்.

அவர் ஓட்டிய டிராக்டர் அவருடையது அல்ல, அண்ணியின் அப்பாவுடையது. அந்த மனுஷருக்கு ஆண்பிள்ளை கிடையாது. டிராக்டரையும் நாலு ஏக்கர் நிலத்தையும் மகள் பேரில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மருமகன் பேரில் ஒரு ஸ்பானர்கூட எழுதவில்லை. ஆளை அளந்து வைத்திருந்தார் போல. ஆனால் காரியம் முடிந்த மறுவாரமே ஸ்டியரிங்கைப் பிடித்தவர் அண்ணன்தான். பதினாறு வயதிலேயே அப்பாவிடம் ஓட்டப் பழகிய அண்ணி, மட்கார்டில் ஒட்டிக்கொண்டு போனாள்.

அண்ணன் உலகத்தில் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு: சூடு. கண் எரிந்தால் சூடு. பரு வந்தால் சூடு. வேலைக்குப் போக உடம்பு வணங்காவிட்டால் அதுவும் சூடுதான். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நிழலில் படுத்துவிடுவார். இதே வைத்தியத்தை இன்ஜினுக்கும் செய்தார் பாருங்கள், அங்கேதான் கேடு பிடித்தது.

பழைய டீசல் இன்ஜினில், மேல் ஹோஸ் வந்து சேருகிற இடத்தில், உள்ளங்கையில் அடங்குகிற வால்வு ஒன்று உட்கார்ந்திருக்கும். இன்ஜின் பதமான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. வந்தபின் திறந்துவிடும். வண்டி கைக்கு வந்ததுமே அண்ணன் அதைக் கழற்றிப் பரணில் வீசினார்.

"தண்ணி போற வழியை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. இதைக் கண்டுபிடிச்சவன் முட்டாப்பய."

முட்டாள் யாரென்று தெரிய மூன்று வருஷம் ஆனது. அதுவரை டீக்கடையில் அவர் அலப்பறை தாங்க முடியவில்லை.

"என் வண்டியில ஹீட்டு முள்ளு எழும்பவே எழும்பாது. காலைல எங்க நிக்குதோ, சாயங்காலமும் அங்கதான்."

"ஓட்டுறவர் மாதிரியேன்னு சொல்லுங்க" என்றார் டீக்கடைக்காரர்.

அண்ணன் அதற்கும் பெருமையாகச் சிரித்தார். புகை வெள்ளையாக வந்தால், "பாரு, உள்ள அவ்வளவு குளிர்ச்சி" என்பார். ஆயில் மட்டம் மாதத்துக்கு மாதம் ஏறியபோது தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். "ஊரு வண்டியெல்லாம் ஆயில் குடிக்குது. என் வண்டியில ஆயில் ஊறுது!"

போன வருஷம் அந்த வண்டியால் கலப்பையைச் சரியாக இழுக்க முடியவில்லை. பாதி நிலம் உழுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, சேற்றில் வண்டி இறங்காமல் நாலு ஏக்கரும் தரிசாகக் கிடந்தது. செங்கல் சூளைக்காரர் மேல்மண்ணுக்கு ஆசைப்பட்டு வந்து போனார். "இந்த வருஷமும் விதைக்க முடியலைன்னா மண்ணை வெட்டிக்கட்டும்" என்று அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். நிலம் யாருடையது, வாக்கு யாருடையது? அண்ணி அன்றைக்கு ஆளரவம் அடங்கியதும் வயலுக்குப் போய் வரப்பைச் சுற்றி நடந்துவிட்டு வந்தாள்.

இந்த வருஷம் உழவு தொடங்கும் நாளில் வண்டி கிளம்பவே இல்லை. நாலு பேர் தள்ளினார்கள். இன்னொரு டிராக்டர் கட்டி இழுத்தது. வெள்ளைப் புகையை ஒரு தடவை கக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. அண்ணி யாரையும் கேட்காமல் போய்ப் பட்டறைக்காரரைக் கூட்டிவந்தாள். அவர் அளவுக்கம்பியை உருவி, விரலில் தடவி, மூக்கருகே கொண்டுபோனார்.

"அண்ணே, இதுல ஆயில் எங்க இருக்கு?"

"மார்க்குக்கு மேலயே நிக்குது, கண்ணு தெரியலையா? அதுவா ஊறுது."

"ஊறுறதுக்கு இது என்ன கிணறா? சூடு பத்தாம எரியாத டீசல் கீழ இறங்கி ஆயிலோட கலந்து கெடக்கு. தண்ணியா நீத்துப்போன ஆயில்ல ஓடுனா சிலிண்டர் லைனர் தேயாம என்ன செய்யும்? இன்ஜின் ஒருநாளாவது சூடாச்சா?"

"மனுஷனுக்கே சூடு ஆகாது. மெஷினுக்கு ஆகுமா?"

"செத்தவனுக்குத்தான்ணே உடம்பு ஜில்லுன்னு இருக்கும்."

தள்ள வந்த நாலு பேரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

"சரி பண்ண எத்தனை நாளாகும் தம்பி?"

"ஒன்பது நாளாவது வேணும்க்கா. மழை அதுவரைக்கும் பொறுக்கணும்."

"பொறுக்கும். நீ பிரி."

பிரித்ததில், ஆயில் தொட்டியின் அடியில் கரிக்களி ஒட்டிக் கிடந்தது. பிஸ்டன் வளையங்கள் கரியில் இறுகி அசைய மறுத்தன. புது லைனர், புது வளையம், கூடவே புது வால்வு. மாட்டி முடித்துப் பட்டறைக்காரர் அண்ணியிடம் சாவியைக் கொடுத்தார். "முள்ளு நடுவுல வந்து நிக்கும்க்கா. அதுதான் சரியான எடம். செவப்புக்குப் போனா மட்டும் நிறுத்துங்க. சூட்டோட ரேடியேட்டர் மூடியில யாரும் கை வைக்கக் கூடாது." அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். காது அவருடையது, கேட்பதும் கேட்காததும் அவர் இஷ்டம்.

பத்தாம் நாள் காலையில் வானம் கறுத்து நின்றது. அண்ணி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். மெதுவாக ஓடவிட்டு, பிறகு கலப்பையை இறக்கினாள். முள் எழும்பியது. ஏறி ஏறி நடுவில் வந்து அப்படியே நின்றது. புகை கண்ணுக்கே தெரியவில்லை. போன வருஷம் ஓர் ஏக்கருக்கே முக்கி முனகிய வண்டி, மதியத்துக்குள் இரண்டு ஏக்கரை முடித்தது. வரப்போரம் நிறுத்தி அண்ணி தண்ணீர் குடிக்க இறங்கினாள். இன்ஜினை அணைக்கவில்லை.

இத்தனை நேரம் நிழலில் கிடந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். முள் நடுவில் நிற்பதை வாழ்நாளில் பார்த்திராதவர்.

"ஐயோ, எரியப் போகுது! அணைடி!"

"அங்கதாங்க நிக்கணும். கிட்ட போகாதீங்க!"

"எனக்குச் சொல்லித் தரியா நீ?"

தலையிலிருந்த ஈரத்துண்டை மூடிமேல் போட்டுத் திருகினார். கொதிக்கிற தண்ணீர் குபீரென்று கிளம்பி அவர் கையிலும் நெஞ்சிலும் அடித்தது. அலறல் டீக்கடைவரை கேட்டதாம். அண்ணி ஓடிவந்து இன்ஜினை அணைத்தாள். குடத்தில் இருந்த தண்ணீரை அவர்மேல் விடாமல் ஊற்றினாள். பட்டறைக்காரர் வந்து அண்ணனைப் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அண்ணியும் கூடவே ஏறக் காலெடுத்தாள். பட்டறைக்காரர் வானத்தைக் காட்டி, "நான் பாத்துக்குறேன்க்கா, உயிருக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அண்ணி காலை இறக்கினாள். இன்ஜின் ஆறட்டும் என்று வரப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு நேரம் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீரை நிரப்பி, மூடியை இறுக்கி, மீதி இரண்டு ஏக்கருக்குள் வண்டியை இறக்கினாள். கடைசிச் சால் ஓட்டித் திரும்பும்போது முதல் தூறல் விழுந்தது.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணன் கட்டுப்போட்ட கையை உயர்த்தி, பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "நான் அப்பவே சொன்னேன், சூடு ஆகவே ஆகாதுன்னு. எவன் கேட்டான்?"

அந்த ஆள் கண்ணை மூடித் தூங்குவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தார். சேறு காயாத காலோடு நின்ற அண்ணியைப் பார்த்ததும் அண்ணன் குரல் இறங்கியது.

"வண்டியை ஓரங்கட்டிட்டேல்ல? சூளைக்காரர் நாளைக்கு வர்றேன்னிருக்காரு."

"வரச் சொல்லுங்க" என்றாள் அண்ணி. "நாலு ஏக்கரும் உழுதாச்சு. விதைக்க ஆளு வேணும்."