சங்கிலி ஜெபத்தில் என் முறை

என் மகள் ஜெனிபாவின் இதயத் துடிப்பு சரியில்லை என்று பெங்களூரில் எழுதிக் கொடுத்த அன்று, அவள் அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பேருந்து நிலையம் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

நான் அதிகம் பேசாதவன் என்பது சபையார் எல்லோருக்கும் தெரியும். சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. சாட்சி சொல்லச் சொல்லிப் போதகர் ஐயா பலமுறை அழைத்தும் மைக் முன்னால் போய் நிற்க என் கால் வரவில்லை. அதனால்தான் இதை எழுதிக் கொடுக்கிறேன். ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

ஜெனிபாவுக்கு விமானம் ஓட்டும் படிப்பு படிக்க வேண்டும் என்று ஆசை. நாங்கள் அதைக் கனவில்கூட நினைக்க முடியாதவர்கள். ஆனால் பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு அறக்கட்டளை அவளைத் தேர்ந்தெடுத்தது. முழுச் செலவும் அவர்களுடையது. ஒரே ஒரு நிபந்தனை. ஈஸ்டர் முடிந்து வகுப்பு தொடங்கும்போது, விமானம் ஓட்ட உடல் தகுதி உண்டு என்ற மருத்துவச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

பட்டறையில் விஷயம் தெரிந்ததும் முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். "ஏனுங்க தேவராசு, புள்ள பிளேன் ஓட்டறப்ப நம்ம பட்டறைக்கு மேல வந்து ஒரு ஆரன் அடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க." எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நாட்களில் சைக்கிள் மிதிக்கும்போதுகூட மேலே பார்த்துக்கொண்டே போவேன்.

சான்றிதழுக்கு இரண்டு பரிசோதனை. முதலாவது கோயம்புத்தூரிலேயே முடிந்தது. கண், காது, ரத்தம் எல்லாம் நன்றாக இருந்தது. இரண்டாவது பெரியது, பெங்களூரில். அதற்காக நாங்கள் குடும்பமாக உபவாசம் இருந்தோம். என் மனைவி எஸ்தரும் நானும் ஒரு நாள் இருந்தோம். ஜெனிபா மூன்று நாள் இருந்தாள். சாயங்காலம் ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். அந்த மூன்றாம் நாள் பேருந்து ஏறினோம். விடியற்காலையில் இறங்கி நேராகப் பரிசோதனைக்குப் போனோம். ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் சாப்பிடாமல் வந்தது அங்கே யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. எங்களுக்கும் படவில்லை.

அங்கேதான் இதயத் துடிப்பு நடுநடுவே தப்பித் துடிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். தற்காலிகமாகத் தகுதி இல்லை என்று எழுதி, மேலும் சில பரிசோதனைகள் செய்து அனுப்பச் சொன்னார்கள். ஒரு நாள் முழுவதும் நெஞ்சில் கருவி ஒட்டித் துடிப்பைப் பதிவு செய்யும் பரிசோதனையும் அதில் ஒன்று. பயம் கூடக் கூட எங்கள் உபவாசமும் கூடியது. அந்தக் கருவியை மாட்டிக்கொண்ட நாளிலும் என் மகள் பட்டினிதான். அதிலும் அதே கோளாறு வந்தது. எல்லாத் தாள்களும் டெல்லியில் உள்ள விமானத் துறை அலுவலகத்துக்குப் போயின. அங்கே மருத்துவர்கள் பார்த்து முடிவு சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. காலையில் எழுந்ததும் ஜெனிபா செல்போனைத் திறந்து பார்ப்பாள். "பரிசீலனையில் உள்ளது" என்றே இருக்கும். மத்தியானமும் பார்ப்பாள். அதே வார்த்தை. எஸ்தர் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். எங்கள் வீட்டில் பேச்சு குறைந்தது. முதலாளி ஆரன் பேச்சை நிறுத்திவிட்டார். அது எனக்கு அதிக வேதனையாக இருந்தது.

என் மைத்துனன் வந்து, டெல்லியில் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், கொஞ்சம் கவனித்தால் சீக்கிரம் முடித்துக் கொடுப்பார் என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெனிபாதான் பதில் சொன்னாள். "வேண்டாமுங்க மாமா. நெசமாவே நெஞ்சுல கோளாறு இருந்தா, நாளைக்கு என்னை நம்பி ஏறி உக்காருற சனங்க என்ன ஆகறது?" அவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் அவள் என்னிடம் வந்து, "எனக்கு இனி ஜெபம் பண்ண வரலீங்கப்பா. எனக்கும் சேத்தி நீங்களே பண்ணுங்க" என்றாள்.

நான் எப்படி ஜெபிக்கிறவன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். புதன்கிழமைகளில் நம் வீடுகளில் நடக்கும் சங்கிலி ஜெபம் உங்களுக்குத் தெரியும். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிக்கிறோம். முடியாதவர் அடுத்தவர் தோளைத் தொட்டால் போதும், முறை அவருக்குப் போய்விடும். இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை. தோளைத் தொட்டுத் தொட்டே காலம் தள்ளினேன். மற்றவர்கள் எல்லாம் புத்தகத்தில் அச்சடித்தது போல அழகாக ஜெபிப்பார்கள். எனக்கு அந்தத் தமிழ் வராது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கிய முதல் புதன்கிழமை, ஜெபம் எங்கள் வீட்டில். எனக்கு வலது பக்கம் ரூபி சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறார். இடது பக்கம் ஜெனிபா. ஜெபம் சுற்றி வந்தது. ஜெனிபாவின் முறை வந்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கை என் தோளைத் தொட்டது. வாழ்நாளில் முதல்முறையாக என் மகள் என்னைப் போலச் செய்தாள்.

ரூபி சிஸ்டரின் தோளைத் தொட என் கை தானாக எழுந்தது. பாதி வழியில் நின்றது. எனக்கும் சேர்த்துப் பண்ணுங்கள் என்று கேட்ட பிள்ளைக்கு நான் செய்வது இதுதானா என்று தோன்றியது. வாயைத் திறந்தேன். முதலாளியிடம் பேசுவது போலத்தான் வந்தது.

"ஆண்டவரே, எனக்குப் பேச வராதுங்க. உங்களுக்கே தெரியும். பரீட்சைக்கு முந்தி மூணு நாளு பட்டினி கெடந்து உங்களக் கேட்டுட்டுத்தானுங்க எம் புள்ள போனா. அந்த மிசினை நெஞ்சுல ஒட்டுன அன்னிக்கும் வெறும் வயிறுதானுங்க. இன்னும் அவ என்ன பண்ணோணுமுங்க?"

அதற்கு மேல் வரவில்லை. அழுதுவிட்டேன். ஆமென் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

அடுத்தது ரூபி சிஸ்டரின் முறை. அவர் ஜெபிக்கவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, டெஸ்டுக்கு முந்தி மூணு நாளா? அதை டாக்டருகிட்டச் சொன்னீங்களா?"

எஸ்தர்தான் பதில் சொன்னாள். "வெறும் வயித்துலதானுங்க வரச் சொன்னாங்க."

"அது ஒரு ராத்திரிக்குத்தானுங்கக்கா" என்றார் ரூபி சிஸ்டர்.

உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் துடிப்பு தப்பலாம், அதுதான் காரணம் என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் இதய டாக்டருக்கு இது தெரிய வேண்டும் என்று அவர் விளக்கினார். எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைக்காகச் செய்ததே பிள்ளைக்குத் தடையாகிவிட்டதோ என்று எனக்குப் பட்டது. வட்டத்தில் இருந்த போதகர் ஐயா சொன்னார். "நாளையில இருந்து புள்ள நல்லாச் சாப்புடட்டும். அவளுக்குப் பதிலா நாம இருந்துக்கலாம்."

அப்படியே செய்தீர்கள். யார் யார் எந்த நாள் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தினமும் யாராவது ஒருவர் என் மகளுக்காகப் பட்டினி இருந்தீர்கள். அவள் சாப்பிட்டாள். எஸ்தர் இளநீரும் வாழைப்பழமும் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

கோயம்புத்தூரில் ஒரு இதய மருத்துவரைப் பார்த்தோம். நடந்ததை இந்த முறை நானே சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வாக்குறுதியும் கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்தார். துடிப்பு ஒழுங்காக இருந்தது. நடந்ததை விவரமாகக் கடிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஜெனிபா அதைப் புதிய அறிக்கைகளோடு டெல்லிக்கு அனுப்பினாள்.

மறுபடி காத்திருப்பு. ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறு அன்று பவனியில் நடந்துகொண்டிருந்தபோதுகூடச் செல்போனில் அதே வார்த்தைதான். ஆனால் எனக்குள் ஒரு வித்தியாசம் இருந்தது. முடிவு எப்படி வந்தாலும் தாங்கிக்கொள்ள முடியும் என்று தோன்றியது. அதை ஜெனிபாவிடமும் சொன்னேன். மறுநாள் டெல்லியிலிருந்து தகவல் வந்தது. பெங்களூரில் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரமே போனோம். ரத்தம் எடுத்து முடிந்த உடனே, பரிசோதனை நடந்த இடத்தின் வராந்தாவில் உட்கார்ந்து எஸ்தர் கட்டிக் கொடுத்த இட்லியை அவள் சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் எனக்கு ஜெபம் போலத்தான் இருந்தது.

ஈஸ்டருக்கு மறுநாள் பட்டறையில் இருந்தபோது ஜெனிபா கூப்பிட்டாள். "சாப்பிட்டீங்களாப்பா?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு அவள் குரல் உடைந்தது. "ஃபிட்டுனு போட்டிருக்குங்கப்பா."

காயில் கம்பியைக் கீழே வைத்துவிட்டு நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். முதலாளி ஓடி வந்து என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் கண் துடைத்துக்கொண்டு, "ஆரன் மறந்துற வேண்டாமுங்க" என்றார்.

அந்த வாரமே அவள் புறப்பட்டுப் போனாள். இப்போது வடக்கே படித்துக்கொண்டிருக்கிறாள். நான் உபவாசத்தைக் குறை சொல்லவில்லை. இப்போதும் இருக்கிறேன். ஆனால் எங்கள் பாரத்தை நான்கு சுவருக்குள் வைத்துப் பூட்டியிருந்தவரை பதில் வரவில்லை. வாய் திறந்து, உங்கள் நடுவில் சொன்ன அந்த நிமிடமே ஆண்டவர் என் வலது பக்கத்தில் பதிலை உட்கார வைத்திருந்தார். நான் அன்றும் தோளைத் தொட்டிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

எனக்கு நல்ல தமிழ் இன்னும் வரவில்லை. அதே பேச்சில்தான் புதன்கிழமை தோறும் ஜெபிக்கிறேன். வருத்தத்தோடு இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால், உங்கள் முறை வரும்போது இரண்டு வார்த்தையாவது சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கிறார். அதுவும் முடியாத நாளில் வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். என் தோளைத் தொடுங்கள். உங்களுக்கும் சேர்த்து நான் சொல்கிறேன்.