என் பெயருக்கு எழுந்தவர்

அறுபது வயதில், தென்காசி முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒருநாள் வாத்தியார், “இன்னைக்கு வகுப்பு கிடையாது அண்ணாச்சி. சாரல் நல்லா விழுது, குத்தாலத்துல குளிச்சிட்டு வாங்க” என்றார். நம்பிப் போனேன்.

ஈரத்துண்டோடு திரும்பும்போது வகுப்பு வாசலில் ஜீப் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி என் பெயரைக் கூப்பிட, ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் எழுந்து, வேண்டுமென்றே நாலு இடத்தில் திக்கிப் பாடம் வாசித்தார். எனக்குத் திக்காமல் வரும் பாடம் அது. அதிகாரி கைதட்டினார்.

மறுநாள் வாத்தியார் வருகைப் பதிவேட்டை நீட்டினார். “நீங்க தப்பா வாசிச்சா வகுப்பையே மூடிருவாவ, அதான். நேத்தைக்கும் ஒரு கையெழுத்துப் போடுங்க.”

அந்த இடத்தில் ‘வரவில்லை’ என்று எழுதினேன். அவர் சொல்லிக்கொடுத்த எழுத்துதான், ஒன்றுகூடப் பிசகவில்லை.