மீட்டருக்குப் பொட்டு வைக்க மறுத்தவர்

பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தபோது எதிர் வீட்டு வாசலில் எங்கள் சொசைட்டியின் காவலாளி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். "மேடம்ஜி, அங்கிள்ஜி நஹீ ரஹே" என்றார். தூக்கத்திலேயே மூச்சு நின்றிருந்தது. காலையில் சமையல் செய்ய வரும் அம்மாள்தான் தன்னிடமிருந்த சாவியால் திறந்து பார்த்திருக்கிறார். எதிர் வீட்டுச் சிவசைலம் அண்ணாச்சி காலமானதை இப்படித்தான் அறிந்தேன்.

உள்ளே போய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வருவதற்குள் கைப்பேசியில் அஞ்சலி குவிந்துவிட்டது. தலைநகரத்துத் துவாரகாவில் எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்களுக்கென ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதன் தலைவர் சுந்தரேசன் எழுதியிருந்தார்: "எப்போதும் புன்னகை பூத்த முகம். ஆழ்ந்த தெய்வ பக்தி. எல்லோரிடமும் இனிமையாகப் பேசும் பண்பாளர்." கூடவே ஒரு ரோஜாப் பூப் படம். அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டமாம். அங்கே இந்தப் பொய்யை ஒலிபெருக்கி வைத்து வேறு சொல்வார்கள். அதற்கு முன் நான் இதை எழுதிவிட வேண்டும்.

அண்ணாச்சி புன்னகை பூத்ததே இல்லை. சிரித்ததுண்டு, பெரும்பாலும் அடுத்தவர் வாங்கி வந்த சாமானைப் பார்த்து. இனிமையாகப் பேசியதும் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மத்திய அரசின் மின் நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மறைந்தபின் தனியாகவே இருந்தார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பிளக் பாயிண்ட்டைத்தான் பார்ப்பார். அது ஆடினால் அந்த வீட்டில் காபி குடிக்க மாட்டார். தலைவர் வீட்டில் அவர் ஒரு நாளும் காபி குடித்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

போன கோடையில் எங்கள் இன்வெர்ட்டர் அடிக்கடி மக்கர் செய்ததால், கரண்ட் வருகிறதா என்று பார்க்க வீட்டுக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கலாம் என்று என் கணவர் சண்முகம் கிளம்பினார். துணைக்கு அண்ணாச்சியையும் அழைத்தோம். மூவருமாக மெட்ரோ பிடித்து கரோல் பாக் போனோம். கடைக்காரர் மஞ்சளும் சிவப்புமாகப் பத்துப் பன்னிரண்டு மீட்டர்களை மேசையில் பரப்பினார். ஒன்றில் வெப்பநிலை பார்க்கலாம், ஒன்றில் டார்ச் லைட், ஒன்று ஹிந்தியில் பேசும். அண்ணாச்சி மீட்டரையே பார்க்கவில்லை. அதன் கம்பிகளை எடுத்து விரலில் சுற்றி மடக்கினார். முனையில் உலோகம் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்த்தார். பின்மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே ஃபியூஸ் இருக்கிறதா என்று தேடினார்.

"பத்து வேல செய்யும்னு போட்டிருந்தா வாங்காதீங்க" என்றார் என்னிடம். "கரண்டு இருக்கா இல்லையா, வயர் அறுந்திருக்கா இல்லையா. இந்த ரெண்டையும் பொய் சொல்லாம சொன்னாப் போதும்."

பிறகு கடைக்காரரிடம் அந்தப் பேசும் மீட்டரை நீட்டினார். "பாய்சாப், உங்க பிளக்குல நீங்களே வச்சுக் காட்டுங்க" என்பதை ஹிந்தியில் மிக மரியாதையாகச் சொன்னார். "ஒரிஜினல் ஹை அங்கிள்ஜி" என்று சத்தியம் செய்த கடைக்காரர், கம்பியைக் கையில் பிடிக்க மட்டும் மறுத்துவிட்டார். அண்ணாச்சி அடுத்ததை நீட்டினார். அதற்கும் அதே பதில். கடைசியில் உள்ளேயிருந்து கறுப்பாக, கனமாக ஒன்று வந்தது. டார்ச் இல்லை, பேச்சு இல்லை. அதைக் கடைக்காரர் தயங்காமல் பிளக்கில் வைத்துக் காட்டினார். "இது" என்றார் அண்ணாச்சி.

என் கணவருக்கு விலை பிடிக்கவில்லை. "வீட்டுக்குத்தான சார், இவ்ளோ பெரிசு எதுக்கு?" என்றார்.

"வீட்டுக்குன்னா கொஞ்சமாக் கொல்லும்னு நெனச்சீங்களா?"

சண்முகம் ரோஷக்காரர். வெறும் கையோடு வீடு திரும்பி, அன்று மாலையே ஆன்லைனில் டார்ச் வைத்த மஞ்சள் மீட்டர் ஒன்றைத் தருவித்தார். ஆயிரக்கணக்கானோர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் படித்தும் காட்டினார். "பேக்கிங் அருமை" என்று ஒருவர். "என் கணவருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தேன், கலர் பிடித்தது" என்று ஒரு பெண்மணி. உயிர் போகிற விஷயத்தில் ஊர் பெயர் தெரியாத இந்தக் கூட்டத்தை நம்புவார், எதிர் வீட்டுப் பொறியாளரை நம்ப மாட்டார். படித்தவர், மத்திய அரசில் அதிகாரியாக இருந்தவர். என்ன சொல்ல?

அடுத்து ஆயுத பூஜை வந்தது. எங்கள் தமிழ்க் குடும்பங்கள் கீழே பொதுக்கூடத்தில் சேர்ந்து கொண்டாடுவது வழக்கம். லேப்டாப், கார் சாவி, மிக்ஸி, ஸ்குரு டிரைவர் என்று அவரவர் ஆயுதத்தைக் கொண்டுவந்து அடுக்குவோம். சண்முகம் தம் மஞ்சள் மீட்டரை வைத்தார். கம்பிகளைக் கழற்றித் தனியே சுருட்டி வைத்திருந்தார். கம்பி செருகும் துளைகள் மூன்று, மீட்டரின் அடியில் வரிசையாக இருந்தன. சந்தனக் கிண்ணத்தோடு வந்த தலைவருக்கு அவற்றைப் பார்த்ததும் பக்தி பொங்கிவிட்டது. மூன்று துளைகள், மூன்று பொட்டுகள். கட்டை விரலால் அழுத்தி வைத்தார்.

"அதுல வைக்காதீங்க, உறைக்கு மேல வைங்க. சாமி கோவிச்சுக்காது" என்றார் அண்ணாச்சி. அவர் தம் மீட்டரைக் கொண்டுவரவே இல்லை.

"இவர் ஒரு நாஸ்திகர்" என்று தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கூடத்தில் சிரிப்பு. அந்த வாய்தான் இப்போது ஆழ்ந்த தெய்வ பக்தி என்று எழுதுகிறது.

ஜனவரிக் குளிரில் எங்கள் குளியலறைக் குழாயைத் தொட்டால் விரல் சுரீரென்றது. கீசரில்தான் கோளாறு. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டான். சண்முகம் தாமே பார்ப்பதாக ஸ்டூலைப் போட்டு ஏறினார். மெயினை அணைக்கச் சொன்னேன். அணைத்தால் டிவியில் கிரிக்கெட் நின்றுவிடுமாம். கீசரின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, அடிமூடியைக் கழற்றி, மஞ்சள் மீட்டரை வைத்துப் பார்த்தார். சைபர். "பாத்தியா, கரண்ட் இல்ல. கையாலயே கழட்டிடலாம்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓடிப்போய் எதிர்க் கதவைத் தட்டினேன்.

அண்ணாச்சி குரங்குக் குல்லாவும் லுங்கியுமாக வந்தார். வந்தவர் வாசலிலிருந்தே கத்தினார்: "கைய எடுய்யா! கீழ எறங்கு!" அதுவரை அவர் யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. சண்முகம் திகைத்து இறங்கினார்.

"லைன் செத்திருக்கா, மீட்டர் செத்திருக்கா? அத மொதல்ல பாக்க வேண்டாமா?"

பக்கத்தில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதே பிளக் பலகையில் காலியாக இருந்த துளைகளில் மஞ்சள் மீட்டரின் கம்பிகளை வைத்தார். துணி சுற்றிக்கொண்டிருந்தது, மீட்டர் சைபர் காட்டியது. பிறகு தம் வீட்டிலிருந்து, கடையில் காட்டிய அதே ரகத்தில் தாம் வைத்திருந்த கறுப்பு மீட்டரை எடுத்துவந்து, அதையும் முதலில் அந்தப் பலகையில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டு, கீசரில் வைத்தார். இருநூற்றுச் சொச்சம் காட்டியது. மறுபடியும் பலகையில் வைத்துப் பார்த்தார். தெரிந்த இடம், தெரியாத இடம், மீண்டும் தெரிந்த இடம். இது அவர் வழக்கம். தம் மீட்டரைக்கூட அவர் சும்மா நம்பியதில்லை. சுவிட்சைத் தப்பான கம்பியில் போட்டிருந்தார்கள். அணைத்தாலும் கீசருக்குள் மின்சாரம் நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறது.

மஞ்சள் மீட்டரின் கம்பியைப் பிடுங்கித் துளையை எனக்குக் காட்டினார். ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. கம்பி உள்ளே தொடவே இல்லை.

"ரிவ்யூ எழுதுங்க, சம்முகம். பேக்கிங் அருமைன்னு எழுதுங்க."

சொல்லிவிட்டு மெயினை அவரே அணைத்தார். கிரிக்கெட் நின்றது. காபி தருகிறேன் என்றேன், வேண்டாம் என்று கையசைத்துப் போனார். பின்னாலேயே கதவைச் சாத்தப் போனேன். அவர் தம் வீட்டுக்குள் போகவில்லை, மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். குரங்குக் குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லம்மா, உள்ள போங்க" என்றார்.

இதைத் தலைவரிடம் சொன்னபோது, "சந்தனம் என்னம்மா பண்ணும், அது குளிர்ச்சியாச்சே" என்றார். சண்முகம் அவரைவிட மோசம். நாலு பேர் முன்னால் 'எடுய்யா' என்று சொல்லிவிட்டாரே என்று வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாலு பேர் ஏது? நானும் வாஷிங் மெஷினும்தான். லிஃப்டில் அண்ணாச்சியைப் பார்த்தால் கைப்பேசியைப் பார்த்தபடி நிற்பார். அண்ணாச்சி அதைக் கண்டுகொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பெங்களூரிலிருந்து அண்ணாச்சியின் மகள் வந்து சேர்ந்ததும் உடலைக் கீழே கார்கள் நிற்கும் இடத்தில் கிடத்தினார்கள். வாய்க்கரிசி போட வரிசையில் நின்றோம். தலைவர் போட்டார், போட்டோ எடுக்கிறார்களா என்று பார்த்தார். அடுத்து சண்முகம். அரிசியைப் போட்டுவிட்டு நகராமல், குனிந்து அண்ணாச்சியின் காதில் ஏதோ சொன்னார். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"தேங்க்ஸ் சொன்னேன்" என்றார். "அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

இரண்டு மாதம் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கிய மனிதரிடம் சொல்ல வாய் வரவில்லை. காது கேட்காமல் போனபிறகு போய்ச் சொல்கிறார். நன்றாகத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அரிசி ஒட்டியிருந்த வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அண்ணாச்சி, திட்டுவதற்கு எனக்கு ஓர் ஆளை மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.