தம்பி பேரில் போன தாத்தா

ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளுக்குத் தாத்தா, அப்பா, அண்ணன் எல்லாருமே பட்டாளம்தான். இந்த வழி எங்கே தொடங்கியது என்று தெரிந்துகொள்ள அத்தை வீட்டுக்குப் போனாள்.

"தாத்தா நாட்டுப்பற்றுலதானே அத்தே சேர்ந்தாரு?"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பற்றாவது வெங்காயமாவது! ஆளெடுப்புல தேறினது அவர் தம்பிதான்டி. கிளம்புற அன்னிக்கு அந்தத் தம்பி பயந்து ஜுரத்துல படுத்துட்டாரு. வரலேன்னா வீட்டுக்கு ஆள் அனுப்புவாங்கன்னு, அண்ணன்காரரு, அதான் உன் தாத்தா, தம்பி பேர்ல போய் நின்னாரு. சாகறவரைக்கும் அந்தப் பேர்தான்."

"அந்தத் தம்பி?"

"மாட்டிக்கக் கூடாதுன்னு அண்ணன் பேர வச்சுக்கிட்டாரு. ரயிலடிப் பக்கம் தையல்கடை போட்டாரு. இப்ப அவரோட மகன் வழிப் பேத்தி நடத்துறா."

மறுநாளே நர்ஸ் அந்தக் கடைக்குப் போனாள். மெஷினில் இருந்த பெண்ணிடம் தான் இன்னார் என்றாள். அந்தப் பெண் மெஷின் மிதிபலகையிலிருந்து காலை எடுத்தாள்.

"பட்டாளத்து உடுப்பு தைக்க வந்தா, தாத்தா எங்க யாரையும் தொட விடமாட்டாரு. ராப்பகலா அவரேதான் தைப்பாரு. பட்டனக்கூட ரெண்டு தடவ இழுத்துப் பார்ப்பாரு."

 நர்ஸ், "அண்ணன் தம்பி பேத்திங்கன்னா நாம என்ன முறை?" என்றாள்.

"அக்கா தங்கச்சிதான். யாரு மூப்பு?"

கணக்குப் பார்த்ததில் நர்ஸ் நாலு மாதம் மூத்தவள். பட்டாளத்து வீட்டுப் பெண், சீனியாரிட்டியை விட்டுக்கொடுப்பாளா? "நான்தான் அக்கா" என்றாள்.

"அப்ப உட்காருக்கா" என்று தையல்காரி ஸ்டூலில் கிடந்த துணிகளை அள்ளினாள்.